கண்ணாடித் தொட்டியும் ஊர்க் கால்வாயும்

நம் கலாசாலைச் சஞ்சிகையின் தமிழ்ப் பகுதியைப் புரட்டும் அன்பர்கள், இப்பக்கங்களில் கம்பரையும் வள்ளுவரையும் எதிர்நோக்கி வருவது வழக்கம். அவர்கள் முன்னிலையில், வீட்டுக் கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் வளரும் சாணளவுப் பூண்டொன்றைக் கொணர்ந்து வைப்பது சற்றே நகைப்பிற்கிடமாகலாம். அதிலும் எழுதுவோன் மணலிவாசி. எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையின் தீக்கொழுந்தை இரவிற் கண்டும், அதன் நாற்றத்தை விடியலில் முகர்ந்தும் வாழும் ஒருவன், காற்றையும் ஆற்றையும் பற்றி எழுதாது மீன்தொட்டிச் செடியைப் பற்றி எழுதலாமோ? "ஆயிரம் கவலைகள் ஊரிற் கிடக்க, உமக்கு இதுவா கவலை?" என்று சென்ற பழைய மாணவர் கூட்டத்தில் நண்பரொருவர் வினவினார். அப்பொழுது சிரித்து வைத்தேனேயன்றி விடை கூறினேனல்லேன். இவ்வியாசம் அவர்க்கு யான் பட்ட கடன்.

யான் சொல்லக் கருதியது இது. வீட்டில் நீர்ப்பூண்டு வளர்ப்போன், ஊரினின்றும் பிரிந்த தனியுலகம் ஒன்றை வளர்க்கின்றானல்லன். தொட்டிக்குள் ஊற்றுவது ஊர் நீர். தொட்டியிலிருந்து கொட்டுவதும் ஊர் நீரையே சென்று சேரும். ஆகலின் வளர்த்தற்கு அரியது என்று பலரும் ஒதுக்கும் நம் நாட்டு மெல்லிய பூண்டே கைக்கொள்ளத்தக்கது; "எளிது, எந்த நீரிலும் வரும்" என்று புகழ்ந்து விற்கப்படும் அயல்நாட்டுப் பூண்டே அஞ்சத்தக்கது. கடைக்காரர் கூறும் முறை இதற்கு நேர்மாறு.

மணலியிலிருந்து மேற்கே மாதவரத்தைக் கடந்து ரெட்டேரியின் கரையோரமாய்ச் சென்றால் கொளத்தூரை அடையலாம். வண்ணமீன் வளர்ப்பும் விற்பனையும் அவ்வூரிற் பல குடும்பங்களுக்குப் பிழைப்பு. யான் மாணாக்கனாயிருந்த நாளில், 1985-ஆம் ஆண்டு தீக்கிரையான மூர் மார்க்கெட்டில் மீனும் கிளியும் முயலும் அடுத்தடுத்த கூண்டுகளில் இருக்கக் கண்டு வியந்ததுண்டு. இக்காலத்தில் அவ்வியப்பைத் தேடுவோர் கொளத்தூருக்கே செல்கின்றனர். அங்கு ஒரு கடையில், பிளாஸ்டிக் குப்பியினுள் வெண்களியிற் புதைந்து, சிவந்த தளிர்களோடு நின்ற சிறு பூண்டொன்றைக் கண்டேன். விலை என் மதிப்பிற்கு மிக அதிகம். காரணம் கேட்டதற்குக் கடைப்பையன், "சார், இது சிங்கப்பூர்ச் சரக்கு. ரொம்ப நாசூக்கு. புதுசா வளர்க்கிறவங்க கையிலே நிக்காது" என்றான். பெயர் ரோடாலா மக்ராண்ட்ரா என்று குப்பியின்மேல் எழுதியிருந்தது.

வீடு திரும்பி நூல்களைப் புரட்டியபோது நாணமுற்றேன். இது சிங்கப்பூர்ச் சரக்கன்று. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மேனியிற் பிறந்தது. மலைச்சாரலின் ஓடைகளிலும், மழைக்காலத்து நீர் தேங்கும் தாழ்நிலங்களிலும் தானே வளர்வது. கோனே என்னும் ஜெர்மானிய சாஸ்திரி 1880-ஆம் ஆண்டு இதற்குப் பெயரிட்டார். நம் பெண்டிர் கைக்கிடும் மருதாணி எக்குடும்பத்ததோ அக்குடும்பத்தது இதுவும். மாதுளையும் இதற்கு உறவே. மலையிலிருந்து புறப்பட்டு, கடல்கடந்து, சோதனைக்கூடத்துக் குப்பிக்குள் பெருக்கப்பட்டு, மீண்டும் விலைபெற்று நம்மிடம் வருகின்றது. பஞ்சை அனுப்பித் துணியை வாங்கிய கதையை நாம் முற்றும் மறந்துவிடவில்லை என்று நினைக்கிறேன். அது நிற்க, இப்பூண்டை இனிச் செந்தளிர் என்றே வழங்குவேன்.

செந்தளிரின் தண்டு நூலினும் சற்றே பருத்தது. விரலாற் பற்றினும் ஒடிவது. கணுதோறும் இரண்டிரண்டு இலைகள் எதிரெதிராய் நிற்கும். அவற்றின் ஓரம் சேலைக் கொசுவம்போல் நெளிந்திருக்கும். நல்லொளியில் மாதுளைப் பூவின் நிறம். ஒளி குன்றினால் பசுமையும் பழுப்பும் கலந்ததொரு சோர்ந்த நிறம். அதனை வீட்டு ஆழ்குழாய்க் கிணற்று நீரில் நட்டேன். மூன்றாம் நாள் அடியிலைகள் கண்ணாடிபோல் ஊடுருவித் தோன்றின. ஐந்தாம் நாள் கூழாயின. ஒன்பதாம் நாள் தண்டுகள் அடியில் அழுகி மேலே மிதந்தன. மீன்கள் நலமாகவே இருந்தன. எனவே முதலில் பையன் சொன்னதே மெய் என்றும், இஃது என் கைக்கு அடங்காத நாசூக்குப் பிறவி என்றும் எண்ணி விட்டுவிட்டேன்.

பின்னர் ஓர் ஐயம் பிறந்தது. நீரிற் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் பேனா போன்றதொரு சிறு கருவி, இன்று நீர் சுத்திகரிக்கும் சாதனம் பொருத்துவோர் அனைவரிடமும் உண்டு. அதனை இரவல் பெற்றுக் கிணற்று நீரில் அமிழ்த்தியபோது எண் ஆயிரத்தைத் தாண்டி நின்றது. குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரையே கரைபொருள் ஏற்புடைத்து என்பது இந்தியத் தர நிர்ணயம். வேறு நீர் இல்லாவிடத்து 2,000 வரை பொறுக்கலாம் என்பது அதன் விலக்கு. நாங்கள் விலக்கில் வாழ்ந்து வருகின்றோம் என்பதை ஒரு பூண்டு செத்து எனக்கு அறிவித்தது.

இவ்வுப்பு எங்கிருந்து வந்தது? 1960-களின் இறுதியிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் வரிசை வரிசையாய்க் கிணறுகள் இறக்கி, சென்னை நகரத்திற்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் நீர் இறைக்கப்பட்டது. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் நூறாயிரம் ஆண்டுகளாய்க் கொணர்ந்து பரப்பிய மணற்படுகையில் இருந்த நன்னீர் அது. நிலத்தடியில் நன்னீரும் கடல்நீரும் ஒன்றையொன்று தள்ளி நிற்பன. ஒருபுறம் இறைத்தால் மறுபுறம் தள்ளி வரும். அவ்வாறே கடல்நீர் மீஞ்சூர்ப் பகுதியில் மண்ணுக்கடியிற் பல கிலோமீட்டர் தூரம் உள்ளேறிற்று. நெல்வயல்கள் தரிசாயின. அதன்பின் ஊரார் குடிப்பதற்கு, கடல்நீரையே உப்பு நீக்கித் தரும் நிலையம் ஒன்று 2010-ஆம் ஆண்டு காட்டுப்பள்ளியில் எழுந்தது; நாளொன்றுக்குப் பத்துக்கோடி லிட்டர் அதன் அளவு. கடலை மண்ணுக்கடியில் வரவழைத்துப் பின் கடலையே குடிக்கும் விசித்திரத்தை நம் தலைமுறை கண்டது. தொழிற்சாலைகளின் தேவைக்கு 2019 முதல் கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து அனுப்புகின்றனர். இதனை முப்பது ஆண்டுகட்கு முன்னரே பெருமளவிற் செய்திருந்தால் எத்தனை கிணறுகள் பிழைத்திருக்கும் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

இரண்டாம் முறை மழைநீரைக் கொண்டு தொடங்கினேன். வீடுதோறும் மழைநீர் சேமிப்பு வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு விதித்தபோது கட்டிய குழாய் என் வீட்டில் தூர்ந்து கிடந்தது. அதனைச் சீர்செய்து பீப்பாயிற் பிடித்தேன். மணலியில் முதல் மழையைப் பிடித்தலாகாது. மாடியிற் படிந்த கரியும் தூசும் அதனோடு வரும். இரண்டாம் மழையோ மூன்றாம் மழையோதான் நன்று. அந்நீரில் கருவியின் எண் நூறையும் எட்டவில்லை. மூன்று பங்கு மழைநீரும் ஒரு பங்கு குழாய்நீரும் கலந்து, மீண்டும் வாங்கிய நான்கு தண்டுகளை நட்டேன். இம்முறை இலை கூழாகவில்லை.

எனினும் வளர்ந்ததுமில்லை, இருபது நாள் நின்றபடியே நின்றது. காரணம் கரியமிலவாயு. நிலத்துச் செடிக்குக் காற்று அதனைக் கொணர்ந்து கொடுக்கும். நீருக்குள் அவ்வாயு பரவும் வேகம் காற்றிற் பரவுவதினும் ஏறக்குறையப் பதினாயிரம் மடங்கு குறைவு. அதனாலேயே நீரில் மூழ்கி வாழும் பூண்டுகள் இலையை மெல்லிய தாளாகவோ நூலாகவோ ஆக்கிக்கொள்கின்றன. வெளிநாட்டில் இரும்பு உருளையில் அடைத்த வாயுவை விலைக்கு வாங்குவர். யான் ஒரு புட்டியில் வெல்லக் கரைசலும் ஆப்பமாவிற்கு இடும் ஈஸ்ட்டும் இட்டு, மூடியில் துளைசெய்து, இரப்பர்க் குழாய் வழியே எழும் குமிழிகளைத் தொட்டிக்குள் விட்டேன். புளித்த வாடை கூடத்தில் எழுந்தது. "மிஷன் கலாசாலையிற் படித்தவர் வீட்டில் சாராயம் காய்ச்சுகின்றாரோ என்று அயலார் கேட்கப்போகின்றனர்" என்று என் இல்லாள் நகையாடினாள். பத்தாம் நாள் நுனி சிவந்தது.

சித்திரை வெயிலில் வேறொரு துன்பம் வந்தது. தொட்டி நீர் 32 டிகிரியைக் கடந்தபோது செந்தளிர் மறுபடியும் சோர்ந்தது. நீர்ப்பரப்பின்மேல் ஒரு சிறு விசிறியின் காற்றை விட்டதும் இரண்டு மூன்று டிகிரி தணிந்தது. மண்பானை நீர் குளிரும் தத்துவமே இது. குறையும் நீரை மழைநீராலேயே ஈடுசெய்ய வேண்டும். உப்புநீர் ஊற்றினால் உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகும். மின்விளக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் போதும். அதிகமாக்கினால் பாசி படரும். அடியில் நிழலிற் பட்ட இலைகள் உதிர்வது இதன் இயல்பு. ஆதலால் நுனியை வெட்டி நட்டு, அடித்தண்டை நீக்குவதே முறை. இதற்குமேல் இதில் மந்திரம் ஒன்றுமில்லை.

1779-ஆம் ஆண்டு இங்கன்ஹௌஸ் என்பார், நீருள் இட்ட இலைகள் வெயிலில் மட்டும் குமிழிகளை விடுவதையும், இருளில் விடாமையையும் கண்டு, செடி பிராணவாயுவை வெளியிடுவதற்கு ஒளியே காரணம் என்று நிறுவினார். 1850-ஆம் ஆண்டு இலண்டனில் வாரிங்டன் என்னும் இரசாயன நூலார், இரண்டு சிறு பொன்மீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்ப்பூண்டையும் ஒரு தொட்டியில் ஒருங்கே வாழச்செய்தார். அழுகும் இலைகள் நீரைக் கெடுத்தபோது, அவற்றைத் தின்னுமாறு நத்தைகளை விட்டுச் சரிசெய்தார். ஒன்று கழிப்பதை மற்றொன்று கொள்ளும் இவ்வொழுங்கு, பின்னாளில் எழுந்த தொட்டிகட்கெல்லாம் மூலம். நம் சென்னையிலும் 1909-ஆம் ஆண்டு, அருங்காட்சியகத் தலைவராயிருந்த தர்ஸ்டன் என்பாரின் முயற்சியால் கடற்கரையில் மீன்காட்சிச்சாலை திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. அது நிலைத்திருந்தால் நம் மாணாக்கர்க்கு இவ்வியாசம் தேவைப்பட்டிராது.

நிற்க. இதுவரை என் வெற்றியைச் சொன்னேன். இனி என் குற்றத்தைச் சொல்லவேண்டும்.

செந்தளிரை அறிவதற்கு முன், அதே கடைத்தெருவில் முதன்முதல் யான் வாங்கியது கபோம்பா. விசிறிபோல் விரிந்த நூலிலைகளையுடைய அழகிய பூண்டு. கட்டொன்று சில ரூபாய்க்குக் கிடைத்தது. "எந்தத் தண்ணியிலும் வரும் சார்" என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. உப்பேறிய கிணற்று நீரிலும் வந்தது; வாரத்திற்கு ஒருமுறை வெட்டினாலும் தொட்டியை நிறைத்தது. வெட்டியதை என் செய்வது? வீட்டின் பின்புறம் மழைநீர்க் கால்வாய் ஓடுகின்றது. அதில் எறிந்தேன். ஒருமுறையன்று; ஓராண்டு முழுவதும் எறிந்தேன். பச்சைப் பூண்டு தானே, குப்பையன்றே என்று என் மனச்சாட்சி சாந்தமாயிருந்தது.

2020-ஆம் ஆண்டின் இறுதியில் செய்தித்தாள்களில் ஒரு படம் வந்தது. கோழிக்கோட்டு ஜில்லாவில் ஆவளப்பாண்டி என்னும் வயல்நிலத்து நீர்ச்சாலில், கண்ணுக்கெட்டிய தூரம் இளஞ்சிவப்புப் பூக்கள் நீர்மேல் மலர்ந்து கிடந்தன. கொரோனாக் காலத்திலும் மக்கள் கூட்டங்கூட்டமாய்ச் சென்று கண்டனர். சிலர் தத்தம் ஊர்க்குளத்தில் விடலாம் என்று பிடுங்கியும் சென்றனர். தாவர சாஸ்திரம் அறிந்தோர், அது தென்னமெரிக்காவிற்குரிய கபோம்பா இனங்களுள் ஒன்று என்றும், மீன்தொட்டி வியாபாரத்தின் வழியே வந்து நீர்நிலையிற் குடியேறியது என்றும், அதனை எடுத்துச் செல்லாதீர் என்றும் எச்சரித்தனர். அப்படத்தின் அழகைக் கண்டு மகிழாத ஒருவன் அன்று யான் மட்டுமே என்று தோன்றிற்று. இப்பூண்டிற்கு விதையும் வேண்டுவதில்லை. கணுவோடு கூடிய ஒரு துண்டு போதும், அது மறுபடியும் செடியாகும். யான் ஓராண்டாய்க் கால்வாயில் எறிந்தவை அனைத்தும் கணுவோடு கூடிய துண்டுகளே.

மறுநாள் கால்வாயைப் பார்க்கச் சென்றேன். பிளாஸ்டிக் உறைகளும் கருஞ்சேறும் இருந்தன, கபோம்பா இல்லை. இல்லாமை எனக்கு ஆறுதல் தரவில்லை. அவ்வாண்டுகளில் எத்தனை வெள்ளம் அதன்வழியே போயிற்று!

அயல்நாட்டார் இதனை எவ்வாறு கருதுகின்றனர் என்பதையும் கூறவேண்டும். ஆஸ்திரேலியா 1999-ஆம் ஆண்டிலேயே கபோம்பாவைத் தேசமுழுதிற்கும் கேடுசெய்யும் களைகளின் வரிசையிற் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் அதன் விற்பனையைத் தடுத்தது. நம் நாட்டிலோ, 2022-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், கேடுசெய்யும் அயலினங்களின் இறக்குமதியையும் விற்பனையையும் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் அளித்திருக்கின்றது. சட்டம் கையிலிருந்தும் கட்டு சில ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தால் பயன் என்னை?

நாம் பிறர் செய்த தீங்கை மட்டும் எண்ணுவோமாயின் அது நேர்மையாகாது. ஹைட்ரில்லாவை அறியாத சாஸ்திர மாணாக்கர் நம் நாட்டில் இலர். கண்ணாடிக் குவளை நீரில் அதனை இட்டு, புனலைக் கவிழ்த்து, அதன்மேல் சோதனைக் குழாயை வைத்து, வெயிலிற் குமிழி எண்ணிய காலை எவர் மறப்பர்? நம் ஏரியில் அது மீனுக்கு நிழல், பறவைக்கு இரை. 1950-களின் தொடக்கத்தில் இதே பூண்டு, மீன்தொட்டிக்காக இலங்கையிலிருந்து அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்துத் தாம்பா நகருக்கு அனுப்பப்பட்டது. அங்கே கால்வாயிற் புகுந்தது. 1960-இல் ஆறுகளிற் காணப்பட்டது. பின்னர் அம்மாகாணத்தின் ஆறும் ஏரியும் படகு செல்ல இயலாதவாறு அடைபட்டன. இன்றளவும் அதனை ஒழிக்கப் பெரும்பொருள் செலவிடுகின்றனர். தன்னூரில் அடக்கமாய் வாழ்ந்த ஒன்று, தன்னைத் தின்னும் பூச்சியும் நோயும் இல்லாத ஊரில் எல்லை கடந்தது. குற்றம் பூண்டினுடையதன்று, இடம் மாற்றியவனுடையது.

மணலிக்கு அண்மையில் வாழ்வோர் இதனை அமெரிக்காவரை சென்று அறியவேண்டுவதில்லை. எண்ணூர்க் கழிமுகத்து மீனவரைக் கேளுங்கள். காக்கா ஆழி என்று அவர்கள் வெறுப்போடு சொல்லும் சிறு சிப்பியைக் காட்டுவார்கள். தென்னமெரிக்கக் கரைகளுக்குரியது அது. கப்பல்கள் சமநிலைக்காக நிரப்பிவரும் நீரின்வழியே வந்திருக்கும் என்பது அறிஞர் கருத்து. கழிமுகத்தின் அடித்தரையைக் கம்பளம்போல் மூடி, இறால் புதைந்து வாழும் சேற்றை மறைத்துவிட்டது. காலாற் சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிக்கும் மக்களின் பிழைப்பு அதனடியிற் கிடக்கின்றது. ஊரெல்லாம் ஆகாயத்தாமரை என்று தவறாக வழங்கும் வெங்காயத்தாமரையும், அதன் ஊதாப் பூவின் அழகிற்காக ஒரு காலத்தில் குளத்தில் விடப்பட்டதே. (மெய்யான ஆகாயத்தாமரை வேறு, அது வாழையிலைப் பசுமையில் ரோஜாப்பூப்போல் மிதப்பது. பெயரையும் பறித்துக்கொண்டது இவ்வந்தேறி.)

என் நண்பர் இவற்றைக் கேட்டால் இரண்டு ஆட்சேபங்கள் கூறுவார் என்பதை அறிவேன். முதலாவது: மணலியைச் சூழ்ந்த நீர் கெட்டது தொழிற்சாலைகளாலும் சாக்கடையாலுமேயன்றி உம்முடைய கபோம்பாவால் அன்று என்பது. மெய்யே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் எங்கும் படர்ந்ததை யான் கண்ணாற் கண்டேன். படகின் விலாவும் வலையும் அலையாத்தியின் வேரும் கூழைக்கடாவின் சிறகும் ஒருங்கே கறுத்தன. அதன் முன் என் கூடத்துத் தொட்டி அணுவிலும் அணு. ஆயினும் எண்ணெய்க்கு எதிராகக் குரலெழுப்பும் நாவும், கால்வாயிற் பூண்டை எறியும் கையும் ஒரே உடம்பில் இருப்பதை எவ்வாறு பொறுப்பது? மேலும் எண்ணெயை வாரியெடுக்கலாம். தாமதமாயினும் அது சிதையும். உயிருள்ளது சிதைவதில்லை, பெருகும்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூரியது. கழிமுகத்து உப்புநீரில் நன்னீர்ப் பூண்டு பிழைக்குமோ என்பர். பிழைக்காது. பக்கிங்ஹாம் கால்வாயின் கரிய நீரிலும் கபோம்பா நெடுநாள் நில்லாது போகலாம். ஆனால் மாத்தூர் ஏரி, கடப்பாக்கம் ஏரி ஆகியவை எஞ்சியிருக்கின்றனவே; கொளத்தூரின் அருகிலேயே ரெட்டேரியும், நகரம் குடிக்கும் புழலேரியும் இருக்கின்றனவே. சாக்கடை கலந்த நீர் பூண்டைக் கொல்லும் என்பதும் முழு மெய்யன்று. சாக்கடையின் உரத்தை உண்டு வெங்காயத்தாமரை எவ்வளவு கொழுக்கின்றது என்பதை நாம் தினமும் பேருந்திலிருந்தே காண்கின்றோம். யான் அஞ்சுவது கெட்ட நீருக்காக அன்று. இன்னும் கெடாதிருக்கும் சிறிதளவு நீருக்காக.

இனிச் செந்தளிரின் பக்கம் திரும்புவோம். அது கால்வாயில் விழுந்தால் பிழைக்குமோ எனின், உப்பிலும் சேற்றிலும் நிழலிலும் அது ஒரு வாரம் நில்லாது. அதன் நாசூக்கே நமக்குக் காப்பு. நல்ல நீரில்லையேல் வாழேன் என்று சொல்லும் செடி, வளர்ப்போனை நல்ல நீரைத் தேடச் செய்கின்றது. எந்த நீரிலும் வாழ்வேன் என்று சொல்லும் செடி, அவனைச் சோம்பேறியாக்கிப் பின் ஊரைக் கைப்பற்றுகின்றது. இவ்விரண்டனுள் புதிதாய்த் தொடங்கும் மாணாக்கனுக்கு எதனைக் கொடுக்கலாம் என்று கேட்டால், முன்னதையே என்பேன். இரண்டுமுறை செத்தாலும் சாகட்டும். செத்ததனால் யான் மீஞ்சூரின் கதையைக் கற்றேன். கபோம்பா செழித்ததனால் ஒன்றும் கற்றேனல்லேன்.

இதனோடு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நம் நாட்டுப் பூண்டு என்றவுடன், கோடைவிடுமுறையில் மலைச்சாரலுக்குச் சென்று ஓடையிலிருந்து பிடுங்கிவரப் புறப்பட்டுவிடலாகாது. ஓடை நம் நாற்றங்காலன்று. ஒருவர் வளர்ப்பதன் நுனியை மற்றொருவர் பெற்று நடுதலே தக்கது. நான்கு தண்டு ஓராண்டில் நாற்பதாகும். விலைகொடுத்தே வாங்க விரும்புவோர், கொளத்தூர் வியாபாரிகள் நம்மூரிலேயே இதனைப் பெருக்குமாறு கேட்டு வாங்கலாம். அவர்கள் மீனைப் பெருக்கும் திறமையைக் கண்டவர் எவரும், பூண்டைப் பெருக்க அவர்களால் இயலாது என்னார். எவர் பிழைப்பையும் கெடுப்பது என் கருத்தன்று. கபோம்பாவின் இடத்தில் செந்தளிரும், லிம்னோபிலாவும், நீர்ப்பிரமியும் விற்றால் அவர்கள் கல்லா குறையாது.

நம் கலாசாலைக்கு ஒரு விண்ணப்பம். தாவரவியல் கூடத்தில் ஆண்டுதோறும் வாளி வாளியாய் நீர்ப்பூண்டுகள் வருகின்றன; பரீட்சை முடிந்தபின் அவை எங்குச் செல்கின்றன என்று எவரேனும் பார்த்ததுண்டோ? மாடியில் வெயிலில் மொறுமொறுவென உலர்த்திய பின்னரே அவற்றை எருக்குழியில் இடவேண்டும் என்று ஒரு பலகை எழுதி மாட்டுவதற்குப் பணச்செலவு ஒன்றுமில்லை. மற்றொன்று: 1929-ஆம் ஆண்டு சென்னை அருங்காட்சியகத்தார் வெளியிட்ட, மயூரநாதன் அவர்கள் தொகுத்த சென்னை நகரத்துப் பூக்குந் தாவரங்கள் பற்றிய நூல் உண்டு. அதிற் கண்ட நீர்ப்பூண்டுகளுள் எவை இன்று மணலி, மாத்தூர், கடப்பாக்கம் ஏரிகளில் எஞ்சியுள்ளன, எவை புதிதாய்க் குடியேறியுள்ளன என்று இரண்டு மாணாக்கர் ஒரு பருவம் முழுதும் நடந்து குறித்தால், அதனைவிடப் பயனுள்ள ஆராய்ச்சி இப்பகுதிக்கு வேறில்லை. இது தாவரவியல் மாணாக்கர்க்கு மட்டும் உரியதென எண்ணவேண்டா. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இரசாயனம் கற்பித்த பார்ன்ஸ் துரை, ஓய்வு நேரத்தில் மலையேறிச் செடி தேடியே தென்னிந்தியத் தாவர நூலிற் பெயர் பெற்றார். ஒரு செடியினத்திற்கு அவர் பெயரே இடப்பட்டிருக்கின்றது.

என் தொட்டியில் இப்பொழுது செந்தளிர் முப்பதிற்கு மேல் நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பீப்பாய் நிறைந்த பின், தைமாதத்தில் நுனி வெட்டுவேன். வேண்டுவோர்க்குத் தலைக்கு நான்கு தண்டு தருவேன், விலையில்லை. ஆனால் தம் வீட்டுத் தொட்டியிலுள்ள கபோம்பா முழுவதையும், ஒரு துண்டும் விடாது, மூடிய வாளியில் என்னிடம் கொணர்ந்து கொடுத்தல் வேண்டும். என் மொட்டைமாடியில் வெயிலுக்குக் குறைவில்லை. நண்பர் வீட்டுக் கூடத்திலும் கபோம்பாத் தொட்டி ஒன்று இருப்பதை யான் அறிவேன். முதல் வாளி அவருடையதாயிருக்கும் என்று எதிர்பார்க்கின்றேன்.